கோட் எழுதத் தெரியாத இரண்டு பேர், கடல் கடந்த டீம், 6 மாத ஒப்பந்தம்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். ஸ்டார்ட்அப்பில் நீங்கள் இரண்டு பேர், இருவருக்கும் கோட் எழுதத் தெரியாது. இயந்திரங்களைப் பழுதுபார்க்க ஆள் அனுப்பும் நிறுவனங்களுக்காக ஒரு மென்பொருள் செய்யப் பார்க்கிறீர்கள். எந்த டெக்னீஷியனை எந்த வேலைக்கு எப்போது அனுப்புவது என்று திட்டமிட ஆபீஸில் ஒரு வலைப்பக்கம், டெக்னீஷியன் கையில் ஒரு மொபைல் ஆப். வேறொரு நாட்டில் இருக்கும் கம்பெனி 30 பக்கத் திட்ட அறிக்கை அனுப்பியிருக்கிறது. 6 மாதம், ஒரே தொகை, பாதி முன்பணம். கையெழுத்துப் போடலாமா, எங்கே மாட்டிக்கொள்வோம் என்பது உங்கள் கேள்வி.

ஆஃப்ஷோர் டீமை வைத்து நல்ல மென்பொருள் செய்ய முடியும், செய்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஒப்பந்தத்தில் இப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். நான் முதலில் இப்படிப்பட்ட டீம்களில் உட்கார்ந்து கோட் எழுதியவன். பிறகு வெளியே வேலை கொடுக்கும் பக்கத்துக்கு வந்தவன். இரண்டு பக்கமும் பார்த்ததில் எனக்குத் தெளிவானது ஒன்று: வாங்குபவர் கோட் எழுதும் வேலையைக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, என்ன எழுத வேண்டும் என்று முடிவெடுக்கும் வேலையையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். ப்ராஜெக்ட் சரிய ஆரம்பிப்பது பெரும்பாலும் அங்கேதான். டீம் திறமையில்லாததாக இருக்கத் தேவையில்லை, ஏமாற்றுக்காரர்களாக இருக்கவும் தேவையில்லை.

உங்கள் மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். ஒரு டெக்னீஷியனுக்கு இன்று ஐந்து வேலை. இரண்டாவது வாடிக்கையாளர் காலையில் ரத்து செய்கிறார். அதற்குப் பிறகுள்ள மூன்றும் தானாக முன்னால் நகர வேண்டுமா? நகர்ந்தால் மூன்றாவது வாடிக்கையாளருக்கு ஏற்கெனவே சொன்ன நேரம் என்ன ஆவது? டெக்னீஷியன் சிக்னல் இல்லாத அடித்தளத்தில் நின்று வேலை முடிந்தது என்று அழுத்துகிறார். அதே நேரத்தில் ஆபீஸில் ஒருவர் அந்த வேலையை வேறொருவருக்கு மாற்றுகிறார். எது செல்லும்? ஒரே வேலைக்கு இரண்டு பேர் போனால் நேரத்தை யார் கணக்கில் எழுதுவது? பாதி முடித்துவிட்டு உதிரிபாகத்துக்காக நிறுத்திய வேலை முடிந்ததா, முடியாததா?

அந்த 30 பக்கத்தில் இதெல்லாம் இருக்காது. ‘வேலை ஒதுக்கீட்டு வசதி’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்கும் கோடுக்கும் நடுவில் இப்படிப் பல நூறு முடிவுகள் இருக்கின்றன. யாராவது ஒருவர் எடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் கோட் எழுதும்போது ‘இப்படி நடந்தால் என்ன செய்வது’ என்ற ஒரு கிளையை ‘இதை அப்புறம் பார்க்கலாம்’ என்று காலியாக விட்டுவிட முடியாது. நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றின் உள்ளே கால் வைத்தே பார்க்காத ஒரு டெவலப்பர் தனக்கு நியாயமாகப் பட்டதைச் செய்துவிட்டு அடுத்த வரிக்குப் போவார். அவரிடம் கேட்டால் காரணம் சொல்வார், அது அவர் அளவில் நல்ல காரணமாகவும் இருக்கும். நான் அந்த நாற்காலியில் இருந்தபோது தினமும் நடந்தது இதுதான். கேள்வி அனுப்பினால் பதில் வர ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள். அதற்குள் வேலையை முடித்துக் காட்டு என்று மேனேஜர் நிற்பார். கேட்காமலே முடிவெடுக்கப் பழகிவிடுவோம்.

அதனால் முதல் ஏற்பாடு உங்கள் பக்கத்தில். உங்கள் இருவரில் ஒருவர் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதைத் தன் முழு வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும். விற்பனைக்கு அலைந்துவிட்டு ராத்திரி வந்து பார்ப்பது போதாது. டீமிலிருந்து வரும் கேள்விக்கு அன்றே பதில் போக வேண்டும். பதில் தெரியவில்லை என்றால், யாரிடம் கேட்டுச் சொல்வேன் என்பதாவது போக வேண்டும்.

இரண்டாவது, கோட் படிக்கத் தெரிந்த ஒருவர் உங்கள் ஆளாக வேண்டும். முழுநேர சிடிஓ, அதாவது தொழில்நுட்பத் தலைவர் ஒருவரை வைக்க உங்களிடம் இப்போது பணம் இருக்காது. வாரத்துக்குச் சில மணி நேரம் வந்து போகும் அனுபவசாலி போதும். அந்தக் கம்பெனி சிபாரிசு செய்யும் ஆளாக மட்டும் இருக்கக் கூடாது. அவர் செய்ய வேண்டியது: அந்த வாரம் எழுதிய கோடைப் புரட்டிப் பார்ப்பது, டேட்டாபேஸ் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்ப்பது, கோட் சரியாக ஓடுகிறதா என்று தானாகச் சோதிக்கும் டெஸ்ட் எழுதுகிறார்களா என்று பார்ப்பது, ‘இதைச் செய்ய மூன்று வாரம் ஆகும்’ என்று டீம் சொல்லும்போது அது நியாயமா என்று உங்களுக்குச் சொல்வது. இந்தச் செலவைத் தவிர்க்கத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், மற்ற எதை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள். திரையில் அழகாக ஓடும் ஆப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களால் பார்க்க முடியாது. நூறு பேர் பயன்படுத்தும்போது ஓடுவது ஐயாயிரம் பேர் வரும்போது படுத்துவிடும், அன்றைக்குத் திருத்துவது புதிதாக எழுதுவதை விடச் செலவாகும்.

இந்த இடத்தில் இரண்டு உதாரணங்களை எல்லோரும் எடுத்து நீட்டுவார்கள். இணையம் வழியாகப் போன் பேச வந்த ஸ்கைப்பை எஸ்டோனியாவில் எழுதினார்களே, ஆபீஸ் அரட்டை மென்பொருளான ஸ்லாக்கை வெளியே கொடுத்துத்தானே செய்தார்கள் என்று. ஸ்கைப் 2003-இல் வெளிவந்தது. நிறுவனர்கள் ஸ்வீடனையும் டென்மார்க்கையும் சேர்ந்தவர்கள், கோட் எழுதியவர்கள் எஸ்டோனியர்கள் என்பது உண்மை. ஆனால் அதே எஸ்டோனியர்கள்தான் அதற்கு முன்பு அவர்களுக்காகக் கஸா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளையும் எழுதியவர்கள். ஒருவர் புத்தி ஒருவருக்குப் பழகியிருந்தது. ஸ்கைப்பில் அவர்களுக்குப் பங்கும் இருந்தது. 2005-இல் ஈபே அதை வாங்கியபோது அவர்களும் பணக்காரர்கள் ஆனார்கள். விலைப்பட்டியல் வாங்கி வேலை கொடுத்த கதை இல்லை அது. ஸ்லாக் வெளியே கொடுத்தது வடிவமைப்பு வேலையை. மெட்டாலேப் என்ற கனடிய நிறுவனம் லோகோவையும் திரைகளின் தோற்றத்தையும் செய்தது. மென்பொருளை ஸ்லாக்கின் சொந்த எஞ்சினியர்கள்தான் எழுதினார்கள். இந்த இரண்டையும் காட்டி யாராவது உங்களுக்குத் தைரியம் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்து அந்த ஒரே தொகை. கேட்க நிம்மதியாக இருக்கும், செலவு இவ்வளவுதான் என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் அப்படி ஒப்புக்கொண்ட நிமிடத்திலிருந்து அந்தக் கம்பெனியின் லாபம் எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். குறைந்த நேரத்தில் முடித்தால் லாபம். சின்ன சம்பளக்காரரை வைத்தால் லாபம். ஆவணத்தில் எழுதாத ஒவ்வொன்றையும் ‘இது கூடுதல் வேலை’ என்று தனி பில் போட்டால் லாபம். நீங்களோ முதல் மாதத்திலேயே வாடிக்கையாளரிடம் காட்டிவிட்டு, ‘இது இப்படி இருக்க வேண்டாம்’ என்று திரும்பி வருவீர்கள். ஸ்டார்ட்அப் என்றால் அப்படித்தான் வர வேண்டும். நீங்கள் கற்றுக்கொள்ளும் ஒவ்வொரு விஷயமும் அவர்களுக்கு நஷ்டம் என்ற நிலையில் எப்படி ஒன்றாக வேலை செய்ய முடியும்? மூன்றாவது மாதத்தில் இரண்டு தரப்பும் அந்த 30 பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வார்த்தைக்கு வார்த்தை வாதாடிக்கொண்டிருப்பீர்கள்.

பெரிய கம்பெனிகளே இதில் சிக்கியிருக்கின்றன. கார் வாடகை நிறுவனமான ஹெர்ட்ஸ் தன் வலைத்தளத்தையும் ஆப்பையும் புதிதாகச் செய்ய அக்சென்ச்சர் என்ற ஆலோசனை நிறுவனத்திடம் கொடுத்து, பிறகு அதன் மேலேயே 2019-இல் நியூயார்க்கில் வழக்குப் போட்டது. கட்டணமாகக் கொடுத்த 3.2 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையைத் திருப்பிக் கேட்டது. தளம் கடைசிவரை பயன்பாட்டுக்கே வரவில்லை என்பதும், பெரிய திரைக்கும் சின்னத் திரைக்கும் செய்துவிட்டு டேப்லெட் அளவுத் திரையை விட்டுவிட்டார்கள் என்பதும் அதன் குற்றச்சாட்டுகளில் உண்டு. யார் பக்கம் நியாயம் என்று சொல்ல நான் வரவில்லை. வக்கீல்களும் மேலாளர்களும் நிறைந்த நிறுவனத்துக்கே, ‘முடிந்தது’ என்றால் என்ன என்பதில் இவ்வளவு பெரிய தகராறு வருகிறது. உங்கள் 30 பக்கம் உங்களைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்.

அதற்காக மணிக்கணக்கில் பணம் கொடுங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்ல மாட்டேன். அதில் வேலை இழுக்க இழுக்க அவர்களுக்கு வரும்படி. உங்கள் அளவுக்கு நான் சொல்வது இரண்டுக்கும் நடுவில்: இரண்டு வாரத்துக்கு ஒரு தொகை, இத்தனை பேர், இந்த வேலைகள். இரண்டு வாரம் முடிந்ததும் ஓடுகிற மென்பொருள் உங்கள் சர்வரில் இருக்க வேண்டும், அதைப் பார்த்துவிட்டுப் பணம். பிடிக்கவில்லை என்றால் அடுத்த இரண்டு வாரத்தோடு நிறுத்திக்கொள்ள இரு தரப்புக்கும் உரிமை. பாதி முன்பணம் என்பதை ஒரே வார்த்தையில் மறுத்துவிடுங்கள். இரண்டு வாரத் தொகையை முன்பணமாகக் கேட்டால் கொடுக்கலாம், அவர்களும் சம்பளம் போட வேண்டுமே.

கூடவே வேலையின் அளவையும் வெட்டுங்கள். 6 மாதத் திட்டத்தில் முதல் வாடிக்கையாளர் காசு கொடுக்கத் தேவையானது எவ்வளவு என்று பாருங்கள். ரிப்போர்ட்டுகள், பல மொழி, அட்மின் பக்கத்தின் இருபது திரைகள் எல்லாம் தள்ளிப் போகலாம். லாகின், பணம் வாங்குவது, வரைபடம், எஸ்எம்எஸ் இவற்றை யாரும் புதிதாக எழுதக் கூடாது. தயாராகக் கிடைக்கும் சேவைகளை இணைக்கச் சொல்லுங்கள். ஆபீஸ் வலைப்பக்கத்தையே போனிலும் நன்றாகத் திறக்கும்படி செய்தால் முதலில் ஆப்பே வேண்டாமோ என்னவோ. உங்கள் டெக்னீஷியன்கள் சிக்னல் இல்லாத இடத்தில் வேலை செய்வார்களா என்பதைப் பொறுத்து அதை முடிவு செய்யுங்கள். பார்த்தீர்களா, இதுவும் நீங்கள்தான் எடுக்க வேண்டிய முடிவு.

இப்போது ஆள் தேர்வு. கம்பெனி காட்டும் பழைய வேலைப் பட்டியலை நான் பெரிதாக மதிப்பதில்லை. அதைச் செய்தவர்கள் இப்போது அங்கே இருக்கிறார்களா என்பது தெரியாது. கேட்க வேண்டியது, ‘என் வேலையைச் செய்யப் போவது யார் யார், அவர்களோடு நான் பேசலாமா’ என்பது. பேச்சுவார்த்தையில் ஒரு சீனியர் வந்து அசத்துவார். ஒப்பந்தம் ஆனதும் அவர் அடுத்த வாடிக்கையாளரை அசத்தப் போய்விடுவார். உங்கள் வேலை புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரிடம் போகும். இந்தத் தொழிலில் இது மிகப் பழைய பழக்கம். பெயர்களை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள், மாற்றுவதானால் முன்கூட்டியே சொல்லி உங்கள் சம்மதம் வாங்க வேண்டும் என்று சேருங்கள். கோடைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப்பில் யார் பெயரில் கோட் ஏறுகிறது என்பதை உங்கள் ஆலோசகர் வாரம் ஒருமுறை பார்த்தாலே ஆள் மாறியது தெரிந்துவிடும்.

அப்புறம், இரண்டு மூன்று டீம்களுக்குக் காசு கொடுத்தே ஒரு சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள். கற்பனைப் பயிற்சி வேண்டாம், உங்கள் மென்பொருளின் உண்மையான ஒரு துண்டு. மேலே சொன்ன ரத்து செய்யும் விஷயமே நல்ல சோதனை. வேண்டுமென்றே சில இடங்களை எழுதாமல் விட்டு அனுப்புங்கள். ‘சரி, முடித்துவிடுகிறோம்’ என்று மட்டும் சொல்லும் டீமை விட, ‘வாடிக்கையாளருக்கு ஏற்கெனவே மெசேஜ் போயிருந்தால் என்ன செய்வது’ என்று திருப்பிக் கேட்கும் டீம் எவ்வளவோ மேல். கொஞ்சம் தாமதமாக முடித்தாலும், கொஞ்சம் அதிக விலை கேட்டாலும் நான் அவர்களைத்தான் எடுப்பேன். பழைய வாடிக்கையாளர்களிடம் பேசுவதானால், இப்போது இருப்பவர்களை விடுங்கள். வேலை முடிந்து பிரிந்து போன ஒருவரின் தொடர்பைக் கேளுங்கள். பிரியும்போது எப்படி நடந்துகொண்டார்கள் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது.

மணிக்கு இவ்வளவு என்ற விலையைப் பார்த்து மயங்காதீர்கள். பாதி விலையில் வரும் டெவலப்பர் இரண்டு மடங்கு நேரம் எடுத்தால் வித்தியாசம் முடிந்தது. விளக்குவதற்கு, சரிபார்ப்பதற்கு, திருப்பிச் செய்யச் சொல்வதற்கு உங்கள் நேரம் தனி. அதையும் சேர்த்த பிறகு மலிவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தினசரி வேலை எப்படி நடக்க வேண்டும் என்றால், இரு தரப்பும் விழித்திருக்கும் நேரம் நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரமாவது இருக்க வேண்டும். அதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் ஒரு தரப்பு இருந்தால் அந்த நேரம் வருடத்தில் இருமுறை நகரும். அமெரிக்காவும் ஐரோப்பாவும் மாற்றும் தேதிகள்கூட ஒன்றில்லை. மார்ச்சிலும், அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கத்திலும் பாதிப் பேர் ஒரு மணி நேரம் தவறி மீட்டிங்குக்கு வருவார்கள். இது சின்ன விஷயம். பெரிய விஷயம், எழுதிப் பேசுவது. போனில் பேசி முடித்த எதையும் யாராவது நாலு வரியில் எழுதிப் போட வேண்டும். எழுதாதது நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஓகே’ என்ற பதிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாடிக்கையாளரிடம் இல்லை என்று சொல்லக் கூடாது என்று பல டீம்களில் பழக்கிவைத்திருப்பார்கள். புரியவில்லை என்று சொன்னால் திறமை இல்லை என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயமும் உண்டு. நானும் அப்படி நிறைய ஓகே கேட்டிருக்கிறேன். அதனால் ‘புரிந்ததா’ என்று கேட்காதீர்கள், அதற்கு ஒரே பதில்தான் வரும். ‘இதை எப்படிச் செய்யப் போகிறீர்கள், எங்கே சிக்கல் வரும் என்று நினைக்கிறீர்கள்’ என்று கேளுங்கள். முதல் தடவை ஒருவர் ‘இது நடக்காது’ என்று தைரியமாகச் சொல்லும்போது அவருக்கு நன்றி சொல்லுங்கள், எல்லோர் முன்னாலும். அடுத்த வாரத்திலிருந்து உண்மை நிலவரம் உங்களுக்கு வர ஆரம்பிக்கும். நடுவில் ப்ராஜெக்ட் மேனேஜர் ஒருவர் மட்டுமே உங்களோடு பேசுவார் என்ற ஏற்பாட்டை ஏற்காதீர்கள். மெல்வின் கான்வே என்ற கணினி நிபுணர் 1968-இலேயே எழுதியது இது: ஒரு அமைப்பு உருவாக்கும் எதுவும் அந்த அமைப்புக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதையே பிரதி எடுக்கும். டெவலப்பரும் நீங்களும் பேசிக்கொள்ளாவிட்டால் மென்பொருளிலும் அந்த இடைவெளி தெரியும்.

வாரா வாரம் டெமோ வேண்டும், ஆனால் அவர்கள் திரையைப் பகிர்ந்து காட்டும் டெமோ போதாது. உங்கள் போனில், உங்கள் விரலால், உங்கள் சர்வரில் ஓடுவதைப் பார்க்க வேண்டும். ‘என் மெஷினில் ஓடுகிறது’ என்பது முடிந்த வேலைக்குக் கணக்காகாது.

‘உங்கள் சர்வர்’ என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். காரணம், எனக்கு மிகவும் வருத்தம் தந்த விஷயங்கள் இங்கேதான் நடந்திருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு சின்ன நிறுவனத்தில் டொமைனை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, டீம்தான் வாங்கிக் கொடுத்தது, சர்வர் வாடகைக்கு எடுக்கும் கிளவுட் கணக்கும் டீம் பெயரில். இரண்டு ஆண்டு கழித்துக் கட்டணத்தில் ஒரு தகராறு. தளம் ஒரு நாள் காலையில் இல்லை. கோட் இவர்களுடையது என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தது. எழுதி என்ன செய்வது, சாவி அங்கே இருந்தது. கேட்ட பணத்தைக் கொடுத்துத்தான் மீட்டார்கள். வீட்டுப் பத்திரம் கொத்தனார் பெயரில் இருந்தால் வீடு கட்டச் சொன்னவருக்கு என்ன நிலைமையோ அதுதான் இது.

ஆகவே வேலை தொடங்கும் முன்னால், உங்கள் நிறுவனத்தின் ஈமெயிலில், உங்கள் கார்டில், நீங்களே திறக்க வேண்டியவை: டொமைன், கிளவுட் கணக்கு, கிட்ஹப்போ கிட்லேபோ அதன் நிறுவனக் கணக்கு, ஆப்பிள் டெவலப்பர் கணக்கு, கூகுள் பிளே கணக்கு, ஆன்லைனில் பணம் வாங்கும் பேமென்ட் கேட்வே, எஸ்எம்எஸ், ஈமெயில் அனுப்பும் சேவை. டீமை அதில் உறுப்பினர்களாகச் சேருங்கள், ஒவ்வொருவருக்கும் தனி லாகின், தேவையான அளவு அனுமதி. எல்லா அனுமதியும் உள்ள ரூட் பாஸ்வேர்டும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் உங்கள் இருவரிடம் மட்டும். ஆப்பிளில் நிறுவனமாகப் பதிய டி-யு-என்-எஸ் என்ற நிறுவன அடையாள எண் கேட்பார்கள், அதற்கு நாள் ஆகலாம். சோம்பலில் ‘இப்போதைக்கு எங்கள் கணக்கிலேயே போட்டுவிடலாம்’ என்று டீம் சொல்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆண்ட்ராய்டில் முன்பெல்லாம் ஆப்பில் கையெழுத்திடும் சாவியைத் தொலைத்தால் அந்த ஆப்பைப் புதுப்பிக்கவே முடியாது. 2021 ஆகஸ்டிலிருந்து பிளே ஸ்டோருக்குப் புதிதாக வரும் ஆப்களுக்கு அந்தச் சாவியைக் கூகுளே வைத்துக்கொள்கிறது; பதிவேற்றும் சாவி தொலைந்தால் கணக்கின் உரிமையாளர் மாற்றிக் கேட்கலாம். கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் மட்டும்.

கோட் நாள்தோறும் உங்கள் ரெப்போவில், அதாவது கிட்ஹப் போன்ற தளத்தில் உங்கள் பெயரில் உள்ள கோட் சேமிப்பிடத்தில், ஏற வேண்டும். மாதக் கடைசியில் ஜிப் ஃபைலாக அனுப்புகிறேன் என்பதை ஏற்காதீர்கள்.

சட்ட விஷயம். பணம் கொடுத்தால் கோட் தானாக நமக்குச் சொந்தம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பல நாடுகளில் அப்படி இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989-இல் ஒரு சிலை விவகாரத்தில் இதைத் தீர்த்தது. ஒரு அமைப்பு சிற்பியிடம் சொல்லிச் சிலை செய்தது; அவர் ஊழியர் இல்லை, தனியாக ஒப்பந்தத்தில் வேலை செய்தவர், ஆகவே செய்யச் சொன்னதாலேயே அது செய்யச் சொன்னவரின் படைப்பாகிவிடாது என்றது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்திலும் ஊழியர் செய்தது முதலாளிக்குச் சேரும், வெளி ஆள் செய்தது எழுத்துமூலம் மாற்றிக் கொடுத்தால்தான் சேரும். அதன் 19-ஆம் பிரிவில் இன்னும் சில கண்ணிகள் இருக்கின்றன. எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். வேறு ஏற்பாடு எழுதாத நிலையில், வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அதுவும் போய்விடும். இணையத்திலிருந்து எடுத்த மாதிரி ஒப்பந்தத்தில் இந்த வரிகள் பெரும்பாலும் இருக்காது. டீம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் ஒருமுறை காட்டுங்கள். உலகம் முழுவதற்கும், காலவரையறை இல்லாமல், பணம் வந்த கணத்திலிருந்து உரிமை மாறும் என்று இருக்க வேண்டும். அந்தக் கம்பெனி தனக்குள் ஃப்ரீலான்சர்களை வைத்து எழுத வைத்தால் அவர்களிடமிருந்து கம்பெனிக்கும் எழுத்து வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி இல்லாவிட்டால் நாளை முதலீட்டாளரின் வக்கீல் அங்கேதான் நிற்பார்.

மற்றவர்கள் எழுதி எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கும் ஓப்பன் சோர்ஸ் கோட் நூலகங்களைப் பயன்படுத்தாமல் இன்று யாரும் எழுத முடியாது, எழுதவும் வேண்டாம். எம்ஐடி, அப்பாச்சி உரிமங்களில் தொல்லை குறைவு. ஜிபிஎல் உரிமத்தில் உள்ளதைக் கலந்து ஆப்பாக வெளியே கொடுத்தால் உங்கள் கோடையும் திறந்து காட்ட வேண்டிய கடமை வரலாம். ஏஜிபிஎல் என்றால், அதைத் திருத்தி சர்வரில் ஓட்டி மற்றவர்கள் நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தினாலே போதும், கடமை வந்துவிடும். என்னென்ன பயன்படுத்தினார்கள் என்ற பட்டியலை டீம் வைத்திருக்க வேண்டும், உங்கள் ஆலோசகர் பார்க்க வேண்டும்.

தகராறு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம் என்று கேட்டிருந்தீர்கள். ஒரு நாட்டு நீதிமன்றத் தீர்ப்பை இன்னொரு நாட்டில் நிறைவேற்றுவது பெரும்பாடு. நடுவர் தீர்ப்பு அப்படியில்லை, அதை ஒருவர் நாட்டில் ஒருவர் ஏற்று நிறைவேற்றுவதற்கான 1958-ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் 170-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. அதனால் நடுவர் மன்றம் என்று எழுதுங்கள். ஆனால் உங்கள் தொகைக்கு அந்தச் செலவே கட்டுப்படியாகாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நிஜமான பாதுகாப்பு, எந்த நேரத்திலும் இரண்டு வாரப் பணத்துக்கு மேல் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதும், சாவிகள் உங்களிடம் இருப்பதும்தான்.

ஐடியாவைத் திருடிவிடுவார்களோ என்ற பயத்துக்கு ரகசிய ஒப்பந்தம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், அதற்கு மேல் கவலைப்படாதீர்கள். வாடிக்கையாளரின் தகவல்களைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். டெக்னீஷியன்கள் போகும் வீட்டு முகவரிகள், போன் எண்கள், யார் எப்போது வீட்டில் இருப்பார்கள் என்பதெல்லாம் உங்கள் மென்பொருளில் இருக்கும். டெவலப்பர்களுக்குப் போலித் தகவல்களைக் கொடுங்கள். உண்மையான டேட்டாபேஸைத் தொட ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் அனுமதி, அதுவும் பதிவாகும்படி. ஐரோப்பியர்களின் தகவல் இருந்தால், 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் 28-ஆம் பிரிவு உங்களுக்கும் அந்தத் தகவலைக் கையாளும் டீமுக்கும் இடையே தனி ஒப்பந்தம் கேட்கிறது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்திலும், வெளியே கொடுத்துச் செய்தாலும் பொறுப்பு உங்களுடையதுதான். சட்டத்தை விடுங்கள், தன் வீட்டு முகவரியை நம்பிக் கொடுத்தவருக்கு நாம் பட்ட கடன் அது.

டீமை நடத்தும் விதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாங்குபவர்கள் இதைக் கேட்பதே இல்லை. அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு உங்கள் வாடிக்கையாளரைக் காட்டுங்கள். ஒரு டெக்னீஷியன் ஆப்பைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறும் வீடியோவை அனுப்புங்கள். யாருக்காக எழுதுகிறோம் என்று தெரிந்த நாளிலிருந்து அவர்கள் எடுக்கும் நூறு சின்ன முடிவுகள் மாறும். இன்வாய்ஸுக்குச் சொன்ன நாளில் பணம் கொடுங்கள். அவர்கள் நாட்டின் விடுமுறைகளைக் காலண்டரில் போட்டுக்கொள்ளுங்கள், நள்ளிரவு மீட்டிங்கை எப்போதும் அவர்கள் தலையிலேயே கட்டாதீர்கள். உங்கள் மென்பொருளை உங்களை விட நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான், நாலு மாதத்தில் சலித்துப் போய் வேறு வேலைக்குப் போனால் அந்த அறிவு அவர்களோடு போய்விடும்.

அப்படிப் போகும் நாளுக்கும் தயாராக இருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உங்கள் ஆலோசகர், டீமிடம் எதுவும் கேட்காமல், ரெப்போவில் உள்ள குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு புதிய கம்ப்யூட்டரில் மென்பொருளை ஓட வைத்துப் பார்க்கட்டும். பேக்கப்பிலிருந்து டேட்டாபேஸை மீட்டுப் பார்க்கட்டும். ஒரு மதியத்தில் முடிந்தால் நல்லது. மூன்று நாள் ஆனால் எந்தெந்த விஷயம் யாருடைய தலைக்குள் மட்டும் இருக்கிறது என்று பட்டியல் கிடைத்துவிடும். அதை எழுத வைக்க அடுத்த இரண்டு வார வேலையில் இடம் ஒதுக்குங்கள்.

அந்தக் கம்பெனிக்கு இந்த வாரம் என்ன பதில் எழுதுவது? முழுத் திட்டத்தையும் மறுக்க வேண்டாம். ரத்து செய்தால் வேலைப்பட்டியல் எப்படி மாற வேண்டும் என்ற ஒரு துண்டை மட்டும் எடுத்து, இரண்டு வாரம், உங்கள் ரெப்போவில், எழுதப் போகிறவர்களின் பெயரோடு, முழுப் பணம் கொடுத்துச் செய்து தரக் கேளுங்கள். அதே துண்டை இன்னொரு டீமுக்கும் கொடுங்கள். 6 மாதத்துக்குக் குறைவாக எடுக்க மாட்டோம் என்று சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஒப்புக்கொண்டால், அந்த இரண்டு வாரம் ஆரம்பிக்கும் முன் கோட் படிக்கும் ஆலோசகரைப் பிடித்துவிடுங்கள். இரண்டு டீம்களின் வேலையையும் அவரிடம் காட்டி, யார் என்ன கேள்வி கேட்டார்கள் என்ற பட்டியலையும் பக்கத்தில் வைத்து முடிவு செய்யுங்கள்.